மாற்றுத்திறனாளிகளும் வேட்டையும்: கொடைரோட்டிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

உடல் குறைபாடு உள்ளவர்களும் வேட்டையில் ஈடுபடும்படி கருவிகளையும் இடங்களையும் விதிகளையும் மாற்றி அமைப்பது அமெரிக்கா போன்ற சில நாடுகளில் இன்று வழக்கத்தில் உள்ளது. இந்தியாவில் வேட்டை சட்டப்படி தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே அத்தகைய ஏற்பாடு இங்கு இல்லை. ஆனாலும் இந்தப் பொருளுக்கு இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. நடக்க இயலாத ஒருவர் காட்டுக்குள் செல்லவும், கை இல்லாத ஒருவர் துப்பாக்கி சுடவும், அம்பு எய்யவும் என்னென்ன தேவைப்பட்டன, அவை யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே அந்த வரலாறு. திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைரோடு அதைத் தொடங்குவதற்குப் பொருத்தமான இடம்.

கொடைரோடும் பழனி மலையும்

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலைக்கும் பழனி மலைத்தொடருக்கும் நடுவில் உள்ள சமவெளியில் அமைந்துள்ளது கொடைரோடு. இதன் பழைய பெயர் அம்மையநாயக்கனூர். 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை வந்தபின், கொடைக்கானல் செல்வோர் இறங்கும் நிலையமாக இது மாறியது. ஊருக்குக் கொடைரோடு என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

கொடைக்கானல் தொடக்கத்தில் நோயாளிகளுக்கான ஊராகவே உருவானது. மதுரைச் சமவெளியின் வெப்பத்தாலும் நோய்களாலும் தம் குடும்பத்தினரை இழந்துவந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். மலைக்கு வண்டிப்பாதை இல்லாத காலம் அது. பின்னர் ரயில் வந்தபோதும், அம்மையநாயக்கனூரில் இறங்கியவர்கள் 30 மைலுக்கும் மேல் மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்து சுமார் 12 மைல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. உடல் நலம் உள்ளவர்கள் நடந்தோ மட்டக்குதிரையிலோ ஏறினார்கள். நடக்க முடியாதவர்களையும் நடக்க விரும்பாதவர்களையும் கூலியாட்கள் டோலியிலும் நாற்காலியிலும் வைத்துத் தோளில் சுமந்து சென்றார்கள். லா என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கிய மலைச்சாலை 1910-களில் பயன்பாட்டுக்கு வரும்வரை இதுவே நிலை.

அதே பாதையில் வேட்டைக்காரர்களும் சென்றார்கள். பழனி மலையின் மேல்தளத்தில் வரையாடு, காட்டெருமை, கடமான், சிறுத்தை, புலி ஆகியவை இருந்தன. 1860-களில் இம்மலையை ஆராய்ந்து அறிக்கை எழுதிய ராணுவ அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன், தென்னிந்தியாவின் பெயர் பெற்ற வேட்டைக்காரர்களில் ஒருவர். பேரிஜம் ஏரி அருகே உள்ள 'ஹாமில்டன் கோட்டை' என்ற இடம் அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய வேட்டைக் குறிப்புகள் அவர் இறந்தபின் நூலாக வெளிவந்தன.

வேட்டைக்குப் பின்னால் இருந்த உடல்கள்

ஆங்கிலேயர் காலத்து வேட்டைக் கதைகளைப் படிப்பவர்களுக்கு, தனி ஒருவர் தன் வலிமையாலும் துணிவாலும் விலங்கை வென்றார் என்ற எண்ணம் உண்டாகும். நடைமுறை வேறாக இருந்தது. விலங்கின் தடத்தைப் பார்த்துச் சொல்பவர் ஒருவர். துப்பாக்கியைச் சுமந்து வந்து, வேண்டும்போது கையில் கொடுப்பவர் இன்னொருவர். மரத்தில் பரண் கட்டியவர்கள் சிலர். பறையடித்தும் கூச்சலிட்டும் காட்டைக் கலைத்து விலங்கைப் பரண் பக்கம் விரட்டியவர்கள் பலர். வேட்டைக்காரர் செய்தது பரணில் அமர்ந்து குறிபார்த்துச் சுட்டது மட்டுமே. வட இந்தியாவில் பரணுக்குப் பதிலாக யானை மீது வைத்த அம்பாரி பெரிதும் பயன்பட்டது.

இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு, 1911-இல் டெல்லி தர்பார் முடிந்தபின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேபாளத்தின் தராய் காடுகளில் நடத்திய வேட்டை. சில நாட்களுக்குள் 39 புலிகளும் 18 காண்டாமிருகங்களும் கொல்லப்பட்டன. நூற்றுக்கணக்கான யானைகள் புலிகளை வளைத்து நிற்க, மன்னர் அம்பாரியில் அமர்ந்து சுட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பரண், அம்பாரி, டோலி, துப்பாக்கி சுமப்பவர், காடு கலைப்பவர் ஆகிய எல்லாம் வேட்டைக்காரரின் உடல் செய்ய வேண்டிய வேலையை வேறொருவரிடமோ வேறொன்றிடமோ ஒப்படைப்பவை. இன்று மாற்றுத்திறனாளிக்காகச் செய்யப்படும் ஏற்பாடுகளின் அடிப்படையும் இதுவே. அன்று இந்த உதவிகளை மன்னர்களும் அதிகாரிகளும் தடையின்றிப் பெற்றார்கள். அதனால் அவர்களை யாரும் இயலாதவர்கள் என்று சொல்லவில்லை. ஆக, காட்டுக்குள் ஒருவர் செல்ல முடியுமா என்பதை உடலைவிடப் பதவியும் பணமும் கூடுதலாகத் தீர்மானித்தன.

ஆர்தர் கவனா: கை கால் இல்லாத வேட்டைக்காரர்

இந்தியாவில் வேட்டையாடிய மாற்றுத்திறனாளிகளில் நன்கு அறியப்பட்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஆர்தர் மக்மரோ கவனா. இவர் 1831 மார்ச் 25 அன்று கார்லோ மாவட்டத்தில் உள்ள போரிஸ் மாளிகையில் பிறந்தார். பிறவியிலேயே இவருடைய கைகளும் கால்களும் முழுமையாக வளராமல் குறுகிய தண்டுகளாக இருந்தன. தாய் ஹாரியட், மற்றப் பிள்ளைகளைப் போலவே இவரையும் வளர்ப்பதில் உறுதியாக இருந்தார். குடும்ப மருத்துவரும் அதற்குத் துணை நின்றார்.

சிறு வயதிலேயே கவனா குதிரையேற்றம் கற்றார். அவருக்காக நாற்காலி போன்ற சேணம் ஒன்று செய்யப்பட்டது. அதில் வாரால் அவரைக் கட்டி அமர்த்துவார்கள். கைத்தண்டுகளால் கடிவாளத்தை இயக்கி வேலிகளைத் தாண்டும் அளவுக்கு அவர் தேர்ச்சி பெற்றார். மீன் பிடிக்கவும், எழுதவும், படம் வரையவும் பழகினார். அவர் பயன்படுத்திய துப்பாக்கியில் விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையம் நீக்கப்பட்டிருந்தது. துப்பாக்கியை இடது கைத்தண்டின் மேல் தாங்கி, வலது கைத்தண்டால் விசையை இழுத்துச் சுடுவார். ஒரு சேணத்திலும் ஒரு துப்பாக்கியிலும் செய்த சிறு மாற்றங்களே அவருக்குக் காட்டைத் திறந்துவிட்டன.

1849-இல் அண்ணன் தாமஸுடனும் ஓர் ஆசிரியருடனும் பயணம் புறப்பட்ட கவனா, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா, பாரசீகம் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார். இந்தியாவில் அவர் புலி வேட்டையிலும் கலந்துகொண்டார். பின்னர் அண்ணன் நோயால் இறந்தார். கையில் இருந்த பணமும் தீர்ந்தது. அந்த நிலையில் ஔரங்காபாத் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அஞ்சல்களைக் குதிரையில் கொண்டு சேர்க்கும் வேலையை அவர் ஏற்றார். வேட்டைக்காகக் கற்ற குதிரையேற்றம் அப்போது அவருக்குச் சோறு போட்டது. பின்னர் பூனாவில் நில அளவைத் துறையிலும் பணிபுரிந்தார்.

1853-இல் அயர்லாந்து திரும்பிய அவர் குடும்பச் சொத்தின் பொறுப்பை ஏற்றார். 1866 முதல் 1880 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். தம் கப்பலில் சென்று அட்ரியாட்டிக் கடற்கரையோரம் வேட்டையாடிய பயணத்தைப் பற்றி 1865-இல் நூல் எழுதினார். 1889 டிசம்பர் 25 அன்று காலமானார்.

கவனாவின் மனஉறுதி பெரிதும் போற்றப்படுகிறது. அது உண்மையும்கூட. ஆனால் அந்த உறுதிக்குப் பின்னால் சேணம் செய்து தந்த தொழிலாளர்களும், அவரைக் குதிரையில் ஏற்றி இறக்கிய வேலைக்காரர்களும், செலவைத் தாங்கிய நிலவுடைமைக் குடும்பமும் இருந்தனர். அதே ஆண்டுகளில் அதே குறைபாட்டுடன் ஓர் ஏழை அயர்லாந்து உழவரின் வீட்டிலோ, ஔரங்காபாத்தின் ஒரு குடிசையிலோ பிறந்த குழந்தைக்கு இவற்றில் ஒன்றும் கிடைத்திருக்காது.

காடு தந்த ஊனம்

வேட்டையால் உடல் உறுப்பை இழந்தவர்களின் வரலாறு இதன் மறுபக்கம். பரணில் இருந்தவர் பாதுகாப்பாக இருந்தார். கையில் கழியுடன் புதருக்குள் நடந்தவரே முதலில் விலங்கின் முன் நின்றார். குண்டடிபட்ட புலியோ சிறுத்தையோ காட்டெருமையோ திரும்பிப் பாய்ந்தால் சிக்கியவர்கள் பெரும்பாலும் காடு கலைப்பவர்களும் தடம் பார்ப்பவர்களும்தான். வேட்டைக்காரர்கள் எழுதிய நூல்களில் இவர்கள் பெயரின்றி, 'கூலி' என்றோ 'ஷிகாரி' என்றோ வந்து போகிறார்கள். கை கால் இழந்தபின் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அந்த நூல்கள் தொடர்ந்து சொல்வதில்லை.

பழனி மலையின் பழங்குடிகளான பளியர்களும் அங்கு வாழும் புலையர்களும் கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும், சிறு விலங்குகளைப் பிடித்தும் வாழ்ந்தவர்கள். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காடுகளில் விதிகளுக்கு மாறாக வேட்டையாடுவதையும் கண்ணி வைப்பதையும் குற்றமாக்கியது. அதற்கு முன்பே, 1879-இல், நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கத் தனிச் சட்டம் வந்திருந்தது. உரிமம் பெற்றவர் பொழுதுபோக்குக்காகச் சுடலாம், உணவுக்காகக் கண்ணி வைத்தவர் குற்றவாளி ஆவார் என்ற நிலை இப்படித்தான் உருவானது. காட்டை நன்கு அறிந்தவர்கள் வேட்டைக்கு வழிகாட்டும் கூலிகளாக மட்டும் அதில் இடம் பெற்றார்கள்.

மகாபாரதத்தின் ஏகலைவன் கதை இங்கு நினைவுக்கு வருவது இயல்பு. வேடர் குலத்தில் பிறந்த அவன் வலக்கைக் கட்டைவிரலை இழந்தபின் எஞ்சிய விரல்களால் அம்பு எய்தான். ஆனால் முன்பிருந்த விரைவு அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை என்கிறது காவியம். இழப்பை ஈடுசெய்ய அவனுக்குக் கருவி எதுவும் செய்து கொடுத்தவர் இல்லை.

வேட்டைக்கு வந்த முடிவு

விடுதலைக்குப் பின்னரும் உரிமம் பெற்ற வேட்டை சில காலம் தொடர்ந்தது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. புலி உள்ளிட்ட அட்டவணை விலங்குகளுக்கு அது பாதுகாப்பு அளித்தது. வேறு சில விலங்குகளை உரிமத்துடன் வேட்டையாட முதலில் இடமிருந்தது. 1991-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த வாய்ப்பையும் நீக்கியது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கு, மீள முடியாத நோயுற்ற விலங்கு போன்ற சில நிலைகளில், உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வமான ஆணை இருந்தால் மட்டுமே இப்போது வேட்டைக்கு அனுமதி உண்டு.

ஒரு காலத்தில் வேட்டைக்காரர்கள் அலைந்த பழனி மலைக் காடுகளில் சுமார் 600 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013-இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஹாமில்டன் காலத்தில் சுடப்பட்ட வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

பிற நாடுகளில் மாற்றுத்திறனாளிகளின் வேட்டை

அமெரிக்காவில் வேட்டை இன்றும் சட்டப்படி நடக்கிறது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் வரியை வன உயிரினப் பாதுகாப்புக்குச் செலவிட 1937-இல் அங்கு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வேட்டை உரிமக் கட்டணமும் அதே நோக்கத்துக்குப் பயன்படுகிறது. போர்களில் காயமடைந்து திரும்பிய படைவீரர்களில் பலர் வேட்டைக்குப் பழகியவர்கள். மீண்டும் அதில் ஈடுபட அவர்கள் விரும்பினார்கள். 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொது இடங்களையும் சேவைகளையும் அவர்களுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்ற கடமையை வலுப்படுத்தியது.

அங்கு பயன்பாட்டில் உள்ள ஏற்பாடுகளில் சில:

சாய்தளத்துடன் கூடிய மறைவிடம்: சக்கர நாற்காலியுடன் உள்ளே சென்று அமரும் வகையில் தரையை ஒட்டியோ சற்று உயரத்திலோ கட்டப்படும் கூடாரம். பழைய பரணின் மாற்று வடிவம் இது.

துப்பாக்கி தாங்கி: நாற்காலியில் பொருத்தப்படும் தண்டு. துப்பாக்கியின் எடையைக் கைகளுக்குப் பதிலாக இதுவே தாங்கும்.

மூச்சால் இயங்கும் விசை: கழுத்துக்குக் கீழ் அசைவற்றவர்கள் ஒரு குழாயில் உறிஞ்சியோ ஊதியோ விசையை இயக்கலாம்.

குறுக்கு வில்: நாணை இழுத்துப் பூட்டிவிட்டால், எய்யும்வரை கையால் பிடித்திருக்கத் தேவையில்லை. சாதாரண வில்லை வளைக்க இயலாதவர்களுக்குப் பல மாநிலங்கள் இதற்குச் சிறப்பு அனுமதி தந்தன.

வாகன அனுமதி: நிறுத்தப்பட்ட வாகனத்தில் இருந்தபடி சுடுவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. நடக்க இயலாதவர்களுக்கு மட்டும் சில மாநிலங்கள் விலக்கு அளிக்கின்றன.

விலங்கைக் கொல்வது சரியா என்ற கேள்வி மாற்றுத்திறனாளிகளின் வேட்டைக்கும் மற்றவர்களின் வேட்டைக்கும் ஒன்றே. அக்கேள்விக்கு இந்தியச் சட்டம் எல்லோருக்கும் பொதுவான விடையைத் தந்துவிட்டது. எனினும் இந்தக் கருவிகளுக்குப் பின்னால் உள்ள சிந்தனை வேட்டையோடு நின்றுவிடவில்லை.

வேட்டையிலிருந்து விளையாட்டுக்கு

வில்லும் துப்பாக்கியும் வேட்டையை விட்டு விளையாட்டுத் திடலுக்கு வந்த வரலாற்றில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடம் உண்டு. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் ஒரு போட்டியை நடத்தினார். தண்டுவடக் காயத்தால் சக்கர நாற்காலியில் இருந்த 16 முன்னாள் படையினர் அதில் பங்கேற்றனர். அவர்கள் போட்டியிட்டது வில்வித்தையில். அந்தச் சிறு போட்டியின் வளர்ச்சியே 1960-இல் ரோம் நகரில் தொடங்கிய பாராலிம்பிக். துப்பாக்கி சுடுதல் 1976-இல் அதில் சேர்ந்தது. துப்பாக்கியின் எடையைக் கையால் தாங்க முடியாதவர்களுக்குச் சுருள்வில் பொருத்திய தாங்கி அனுமதிக்கப்படுகிறது. பார்வையற்றவர்கள் ஒலியைக் கேட்டுக் குறிவைத்துச் சுடும் முறையும் தனிப் போட்டியாக வளர்ந்துள்ளது.

அமெரிக்காவின் மேட் ஸ்டட்ஸ்மேன் இரு கைகளும் இன்றிப் பிறந்தவர். கால்களால் வில்லைப் பிடித்து எய்யக் கற்ற அவர் 2012 லண்டன் பாராலிம்பிக்கில் வெள்ளியும் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தங்கமும் வென்றார். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்து மலைக் கிராமத்தில் கைகளின்றிப் பிறந்த சீத்தல் தேவியும் அதே வழியில் பயிற்சி பெற்றார். வலது காலால் வில்லைத் தாங்கி, தோளோடு இணைத்த கருவியால் நாணை இழுத்து எய்யும் அவர், ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். பாரிஸில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணியில் வெண்கலம் வென்றார். அதே பாரிஸ் போட்டியில் ஹர்விந்தர் சிங் வில்வித்தையில் தங்கம் பெற்றார். தண்டுவடக் காயமுற்ற அவனி லேகரா டோக்கியோவிலும் பாரிஸிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றார்.

கவனாவுக்கும் சீத்தல் தேவிக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. முன்னவருக்கு ஒரு மாளிகையின் செல்வம் கருவிகளைச் செய்து தந்தது. பின்னவர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பயிற்சியாளர்களின் முயற்சியாலும் பொது விளையாட்டு அமைப்புகளின் ஆதரவாலும் மேலே வந்தவர். உதவி என்பது தனிமனிதரின் வசதியிலிருந்து பொதுப் பொறுப்பாக மாறத் தொடங்கியதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

காட்டைக் காணும் உரிமை

வேட்டையில் கொல்வதைத் தவிர வேறொன்றும் இருந்தது. விடியற்காலையில் காட்டுக்குள் அசையாமல் காத்திருப்பது, விலங்கின் காலடி ஓசையைக் கேட்பது, மலைக் காற்றை உணர்வது ஆகியவற்றையும் வேட்டைக்காரர்கள் தேடிச் சென்றார்கள். இவற்றுக்குத் துப்பாக்கி தேவையில்லை. உள்ளே செல்ல வழி தேவை. பறவை நோக்கலும் வன உயிரின ஒளிப்படக் கலையும் இன்று அந்த இடத்தைப் பெற்றுள்ளன.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. விளையாட்டு வசதிகளை அவர்களின் திறனுக்கு ஏற்ப மாற்றி அமைக்கவும் வலியுறுத்துகிறது. சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பரில் மரத்தாலான நடைபாதை திறக்கப்பட்டபோது, சக்கர நாற்காலியில் இருந்த பலர் முதன்முறையாகக் கடலுக்கு அருகில் சென்றார்கள். சில நாட்களில் மாண்டஸ் புயலில் அது சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது. மணல் பரப்பில் செய்ய முடிந்ததை மலைக்காட்டின் ஒரு காட்சிமுனையிலும் செய்ய முடியும். தரையோடு ஒட்டிய மரப்பாதை, சாய்தளம் உள்ள காட்சி மேடை, சக்கர நாற்காலி ஏறும் வனத்துறை வாகனம், பார்வையற்றவர்களுக்குப் பறவைகளின் குரலை அடையாளம் காட்டும் வழிகாட்டி ஆகியவை அதற்குப் போதுமான தொடக்கம். வழிகாட்டும் பணியில் பளியர் போன்ற மலைவாழ் மக்களுக்கு உரிய ஊதியமும் பெயரும் கிடைத்தால், பழைய வேட்டைக் காலத்தின் ஒரு குறையும் தீரும்.

முடிவுரை

கொடைரோட்டில் ரயிலை விட்டு இறங்கிய பழைய பயணிகளில் நடக்க முடியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் மலை ஏறினார்கள், ஏனெனில் சுமப்பதற்கு ஆட்களும் அவர்களுக்குக் கொடுக்கப் பணமும் இருந்தன. சுமந்தவர்களில் ஒருவர் கால் ஒடிந்து வீழ்ந்திருந்தால் அவரைச் சுமக்க யாரும் இல்லை. உடல் குறைபாடு எல்லாக் காலத்திலும் உண்டு. அது ஒருவரை எங்கே நிறுத்துகிறது என்பதைச் சுற்றியிருக்கும் ஏற்பாடுகளே முடிவு செய்கின்றன. இந்தியக் காடுகளில் வேட்டை முடிந்துவிட்டது. அந்தக் காடுகளுக்குள் எல்லோரும் சென்று வருவதற்கான வழி இன்னும் முழுமையாக அமைக்கப்படவில்லை.